முன்சீட்டில் தூங்கக் கூடாது

இன்னும் பிரேக்க மிதிச்சுக்கிட்டுதாம் வாரா. அவ பக்கத்துல பிரேக்கே கிடையாது, வெறும் தகரம், அது மேல ஒரு ரப்பர் மிதியடி, அதுல கால ஊனி ஊனி மிதிக்கா. முன்னால போற லாரியில செவப்பு வெளிச்சம் லேசாக் கண்ணக் காட்டுனாப் போதும், எனக்கு முந்தி எம்பொண்டாட்டி மிதிச்சிருவா. அப்படிப் பாத்தா இந்த வேனுக்கு ரெண்டு டிரைவர். ஓட்டுறது தங்கையா, நிறுத்துறது எமிமா. சிரிப்பு வருது, ஆனா சிரிக்க முடியாது, சிரிச்சா என்ன சிரிப்புன்னு கேப்பா, அதுலருந்து சண்டை. சண்டை வேண்டாம், இன்னைக்கு நல்ல நாளு. திற்பரப்பு அருவியில பொம்பளைங்க எல்லாரும் ஆசை தீரக் குளிச்சாச்சு. நாகர்கோவில் தாண்டி ஒரு வேப்பமரத்தடியில வண்டிய ஓரங்கட்டி எலுமிச்சம்பழச் சோறும் உருளக்கிழங்குப் பொரியலும் அவிச்ச முட்டையும் சாப்பிட்டாச்சு. எனக்கு மட்டும் ரெண்டாவது ஒரு முட்டை வந்துச்சு, டிரைவருக்குத் தெம்பு வேணும்லான்னு. வயிறு குளுந்து கெடக்கு. வெயிலும் இல்ல மழையும் இல்ல, மேற்க மலை மேல மேகம் கூடி நிக்கு. ஆரல்வாய்மொழி வந்தாச்சு, கரண்டு எடுக்குற காத்தாடி எல்லாம் நின்ன எடத்துல சுத்துது, இனி கொஞ்ச தூரத்துக்குக் காத்து வண்டியப் புடிச்சுத் தள்ளும், ஆனி மாசம்லா. ஸ்டீரிங்க ரெண்டு கையாலயும் இறுக்கிப் புடிச்சேன். அவளும் புடிச்சுக்கிட்டா, முன்னால இருக்க கம்பிய, வெரல் வெளுத்துப் போற மாதிரி. "மெதுவாப் போங்க." "அம்பதுலதாம் போறேன்." "காத்து அடிக்குல்லா." "காத்து அடிச்சா நான் என்னட்டி செய்யட்டும், அத நிக்கச் சொல்லவா?" கேட்ட பெறகுதான் நெனச்சேன், காலையில ஐயரம்மா சொன்ன கதையும் இதுதானன்னு. எமிமா சிரிக்கல. அவளுக்குக் கண்ணு ரோட்டுல இருக்கு.

எங்க சபையில போதகர ஐயருன்னும் அவரு சம்சாரத்த ஐயரம்மான்னும்தாம் கூப்பிடுவோம். பெண்கள் சங்கத்துக்கு அவங்க தலைவி, எமிமா செயலாளர். வருசத்துக்கு ஒருக்க சங்கத்துல இப்படி ஒரு பிரயாணம் போவாங்க, இந்தத் தடவ என் வேனப் பேசிட்டாங்க. விடியக்காலம் கோயில் வாசல்ல வண்டியச் சுத்தி நின்னு பிரயாண ஜெபம். ஐயரம்மா பைபிள விரிச்சு அந்தப் புயல் கதைய எடுத்தாங்க. சீஷமாரு படகுல போறாங்க, ஆண்டவரும் கூடப் போறாரு, காத்து அடிக்கு, படகுல தண்ணி ஏறுது, அவரு பாட்டுக்குத் தூங்குதாரு. சாகப் போறோம்னு கத்தி எழுப்புதாங்க, எந்திரிச்சு காத்த அதட்டுதாரு, காத்து அடங்குது, உங்களுக்கு ஏன் விசுவாசம் இல்லாமப் போச்சுன்னு இவங்களையும் அதட்டுதாரு. அவ்வளவுதாம் கதை. எனக்குத் தெரியாத கதையா? ஓய்வுநாள் பள்ளிக்கூடத்துல நான் அந்த நாடகத்துல அலையா நடிச்சவன். நீலச் சேலையோட ஒரு முனையப் புடிச்சு ஆட்டணும், மறுமுனைய இன்னொருத்தன் ஆட்டணும், பேதுருவா நடிச்ச பய சேலை தடுக்கி ஆண்டவர் மேலயே விழுந்துட்டான், ஜனங்க எல்லாம் ஒரே சிரிப்பு. அப்பல்லாம் எனக்குப் புடிச்ச கதை. இப்ப ரெண்டு வருசமாப் புடிக்கல. கோயில்ல அந்தக் கதைய எடுத்தா நான் ஜன்னல் பக்கம் பாத்துக்கிடுவேன். காலையிலயும் குனிஞ்சு டயரப் பாத்துக்கிட்டு நின்னேன், காத்து இருக்கான்னு பாக்கானாக்கும்னு எல்லாரும் நெனச்சிருப்பாங்க. எனக்கு மனசுக்குள்ள ஒரே வாக்குவாதம். தூங்குனீருல்லா, அன்னைக்கும் தூங்கித்தான கெடந்தீரு, நாங்க சாகப் போறது உமக்குக் கவலையே இல்லையான்னு நானும்தாம் கத்துனேன், எங்க எந்திரிச்சீரு? இத ஐயரம்மாட்ட சொன்னா மனசு கஷ்டப்படுவாங்க. எமிமாட்ட சொல்லவே முடியாது.

அன்னைக்கும் இதே ரோடுதாம், இதே மாதிரி மத்தியானத்துக்கு மேல, ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டுத் திரும்பி வாரோம், மூணடைப்புகிட்ட முன்டயர் வெடிச்சுச்சு. புதுசா மாட்டுன டயரு. எதோ கம்பித் துண்டு குத்தியிருக்கு. வண்டி என் கையில நிக்கல, இழுத்துட்டுப் போயி ஓடையில சாஞ்சுட்டு. யாருக்கும் உசுருக்கு ஒண்ணுமில்ல, அங்கங்க சிராய்ப்பு, எமிமாவுக்கு மட்டும் கழுத்துக்குக் கீழ எலும்பு ஒடிஞ்சுட்டு. டயர் வெடிச்சா யாரு என்னய்யா செய்ய முடியும், நீ கவுக்காம சாச்சதுதாம் பெருசுன்னு போலீஸ்காரர் சொன்னாரு, மெக்கானிக் சொன்னாரு, கல்யாண வீட்டுக்காரங்க வந்து சொன்னாங்க. எமிமாவும் சொன்னா. கையில கட்டுப் போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக் கட்டில்ல உக்காந்து, உங்க மேல ஒரு தப்பும் இல்லன்னு அவளே எனக்குச் சொன்னா. ஒரு வார்த்த ஏசியிருந்தாத் தேவல. ஏசல. ஆனா அதுக்குப் பெறகு என் வண்டியில ஏறவும் இல்ல. தல சுத்துது, வயிறு சரியில்ல, நடந்தா ஒடம்புக்கு நல்லது, தெனம் ஒரு சாக்கு. அவ தம்பி வீட்டு விசேசத்துக்கு அம்பாசமுத்திரம் போகணும், வண்டி வீட்டு வாசல்லயே நிக்கு, இவ டவுன் பஸ் ஏறிப் போயி அங்கருந்து அம்பாசமுத்திரம் பஸ்சு ஏறுதா. நான் என்ன செய்ய? பஸ்சுக்குப் பின்னாலயே காலி வேன ஓட்டிக்கிட்டுப் போனேன். பஸ்சு நின்னா நானும் நிப்பேன், பஸ்சு எடுத்தா நானும் எடுப்பேன். பின்சீட்டுக் கண்ணாடி வழியா எமிமா என்னத் திரும்பித் திரும்பிப் பாத்தா, நான் கையாட்டுனேன். சிரிச்சுட்டா. சிரிச்சா, ஆனா எறங்கி வரல. ஊரு முழுக்க என்ன நம்பிப் பிள்ளைகளப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புது, கல்யாணப் பொண்ணக் கூட்டிட்டு வரச் சொல்லுது, எம்பொண்டாட்டி மட்டும் என்னப் பாத்தா பயப்படுதா. வெளிய சொல்ற சங்கதியா இது? இன்னைக்குக் காலையிலயும் எல்லாரும் ஏறுன பெறகு படியப் புடிச்சுக்கிட்டு நின்னா. ஐயரம்மா, "என்ன எமிமா, செயலாளரு இல்லாம சங்கம் போகுமா?"ன்னு கேட்டாங்க. வேற வழியில்லாம ஏறிட்டா. அதுவும் முன்சீட்டுல. பின்னால இருந்தா வாந்தி வரும்னு சொன்னா. எனக்குத் தெரியும், ரோட்டப் பாக்கணும், அதுக்குத்தாம். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம் ஆண்டவரே, இவ என் வண்டியில ஒருதரம் பயமில்லாம வந்துட்டாப் போதும். போகும்போது மூணடைப்புல கண்ண மூடிக்கிட்டு ஜெபம் பண்ணுனா, ஒதடு துடிச்சுது, நான் பாத்தேன். இப்பத் திரும்பிப் போறோம், திரும்பவும் அந்த எடம் வரும், இவளுக்கு அது தெரியும், எனக்கும் தெரியும், ரெண்டு பேரும் அதப் பத்திப் பேசாம வாரோம்.

காவல்கிணறு வந்து பெரிய ரோட்டுல ஏறியாச்சு. காத்து பக்கவாட்டுல வந்து ஒரு இடி இடிக்கும், பெறகு விட்டுரும், அடுத்தது எப்ப வரும்னு தெரியாது. பின்னால பாட்டுச் சத்தம் நின்னுட்டு. கண்ணாடியில பாக்கேன், ஒண்ணொண்ணாத் தல சாயுது. கடைசி சீட்டுல ரெண்டு பேரு ஒருத்தி மேல ஒருத்தி சாஞ்சு வாயப் பொளந்துட்டாங்க. நடுவுல ஒருத்தி பொரிகடலப் பொட்டலத்த மடியில வச்சுக்கிட்டே தூங்குதா, கொட்டாம இருக்கணும், கொட்டுனா பெருக்குறது நாந்தான. ஐயரம்மா மட்டும் முழிச்சிருக்காங்க, அவங்களும் எந்நேரம் வேணும்னாலும் சாஞ்சிருவாங்க. எனக்கு இதப் பாக்கதுல ஒரு சந்தோசம். புது டிரைவர்னா ஜனங்க தூங்க மாட்டாங்க, கேட்டுப் பாருங்க, கண்ணு மூடும் தெறக்கும், மூடும் தெறக்கும். வண்டி எங்கயாவது வெடுக்குன்னு நின்னா அத்தன பேரும் முழிச்சிருவாங்க. ஒரு வண்டி முழுக்கக் கொறட்ட விட்டுச்சுன்னா அது டிரைவருக்குக் குடுத்த மரியாத. எத்தன ஆயிரம் பேரு என் முதுகுக்குப் பின்னால தூங்கியிருப்பாங்க. முன்சீட்டு மட்டும் விதிவிலக்கு. முன்சீட்டுல யாரும் தூங்கக் கூடாது, அது என் சட்டம், எல்லா டிரைவருக்கும் அதாம் சட்டம். பக்கத்துல ஒருத்தன் தூங்குனா அந்தத் தூக்கம் நம்ம மேலயும் வந்து ஏறும். மாப்பிள்ளைக்குத் தாய்மாமனா இருந்தாலும் சரி, தூக்கம் வருதா, பின்னால போங்கன்னு வண்டிய நிறுத்தி எறக்கி விட்டுருவேன். படகுலயும் அப்படி ஒரு சட்டம் இருக்குமோ என்னவோ. அட. அந்தப் படக யாரு ஓட்டுனது? இது வரைக்கும் நான் அத நெனச்சதே இல்ல. பேதுரு ஓட்டியிருப்பாரு, இல்லன்னா யோவான், அவங்களுக்குத்தான அது தொழிலு. சின்ன வயசுலருந்து அந்தத் தண்ணியில கெடந்தவங்க. ஆண்டவருக்கு என்ன தெரியும் படகப் பத்தி? அவரு தச்சரு. மரம் அறுக்கத் தெரியும், கதவு செய்யத் தெரியும். அன்னைக்கு அவரு வெறும் பாசஞ்சர். பகல் முழுக்க ஜனங்களுக்குப் பேசிட்டு, அக்கரைக்குப் போவோம்னு சொல்லிட்டு, வண்டிய இவங்க கையில குடுத்துட்டு, பின்னால போயிப் படுத்துட்டாரு. தூங்கிட்டாரு! இவங்க அவர நம்பணும் நம்பணும்னே இவ்வளவு காலமும் பிரசங்கம் கேட்டாச்சு. அவரு இவங்கள நம்புனத யாராவது சொன்னாங்களா? நம்பாமலா அந்தத் தூக்கம் வரும்? எனக்குத் தெரியும், அத்தன வருசம் கண்ணாடியில பாத்தவன் நான், நம்பாதவன் வண்டியில தூங்க மாட்டான். கவலையில்லாமத் தூங்கல அவரு. இந்தப் பயலுக ஓட்டுவாங்க, கரை சேத்துருவாங்கன்னு தூங்கியிருக்காரு. அப்படின்னா அன்னைக்கு மூணடைப்புல? அன்னைக்கும் நீரு தூங்குனீருன்னா, என்னையா நம்பித் தூங்குனீரு? இந்தத் தங்கையாவையா? யாருட்டயாவது ஒடனே சொல்லணும் போல இருக்கு, சரியோ தப்போ, எமிமாட்டயே சொல்லிருவோம், அவளும் என்னய ஒரு மாதிரிப் பாக்கட்டும். "ஏட்டி, ஒண்ணு கேளேன்"ன்னு திரும்புனா, அவ தூங்குதா.

தூங்குதா. தல அந்தப் பக்கமாச் சாஞ்சு கெடக்கு, வாய் லேசாத் தெறந்திருக்கு, கம்பியப் புடிச்ச கை எறங்கி மடியில மல்லாந்து கெடக்கு, கால் மிதியடி மேல சும்மா இருக்கு. நான் ரோட்டப் பாத்துட்டுத் திரும்பவும் பாத்தேன். நெசமாவே தூங்குதா. எய்யா, ரெண்டு வருசம். சத்தமாச் சிரிக்கணும் போல இருக்கு, ஆரன அமுக்கணும் போல இருக்கு, ரெண்டும் செய்யக் கூடாது, முழிச்சுருவா. பணகுடி போச்சு, வள்ளியூர் பாலம் வருது, பாலத்துல ஏறுற எடத்துல ஒரு சின்னப் பள்ளம் உண்டு, அத ஒதுக்கி, முட்டைக் கூடைய ஏத்திட்டுப் போற மாதிரி ஓட்டுதேன். ஒருத்தரு நம்மள நம்பித் தூங்குனா அது இவ்வளவு கனமா இருக்கும்னு பின்னால அத்தன பேரு தூங்கியும் எனக்குத் தெரியலையே. இவ முழிச்சு முழிச்சுப் பாத்தப்ப எனக்குக் கோவம் இருந்துச்சு, கோவம் இருக்கும்போது பயம் தெரியல. இப்பப் பயம். பெறகு இன்னொன்னு ஞாபகம் வந்துச்சு, எல்லாம் சப்புன்னு போயிட்டு. சாப்பிட்ட ஒடனே இவ வாந்தி மாத்திரை போட்டா. நாந்தான தண்ணி பாட்டிலத் தெறந்து குடுத்தேன். அந்த மாத்திரை போட்டா யானையும் தூங்கும். போதாததுக்கு அருவிக் குளி, எலுமிச்சம்பழச் சோறு. தூங்காம என்ன செய்வா? சவத்த, நான் ஒரு கிறுக்கன், மாத்திரை குடுத்த தூக்கத்துக்கு இங்க ஸ்தோத்திரம் பாடிக்கிட்டு வாரேன். அப்படிப் பாத்தா அவருக்கும் அசதிதான? விடிஞ்சதுலருந்து பேசுனவரு, தொண்ட வத்திப் போயிருக்கும், படுத்ததும் கண்ணசந்திருப்பாரு, இதுல நம்பிக்கை எங்க வந்துச்சு? யாரு தூங்குனாலும் அசதியில தூங்குனானா நம்பிக்கையில தூங்குனானான்னு யாரு கண்டா, தூங்குறவனுக்கே தெரியாது. ரொம்ப யோசிச்சா இப்படித்தாம், கையில கெடச்சதையும் நானே தட்டி விட்டுருவேன், எமிமா எப்பவும் சொல்லுவா.

நாங்குநேரி டோல்கேட்டுல வண்டிய நிறுத்த வேண்டியதாப் போச்சு. முன்னால ஒரு கார்க்காரன் அட்டை வேல செய்யலன்னு சண்ட போடுதான், பின்னால ஒரு லாரி ஆரன அமுக்குதான். அமுக்காதல, மூதி, பொம்பள தூங்குதால்லா. கையக் காட்டிப் பொறு பொறுன்னேன். ஐயரம்மா அந்தச் சத்தத்துல எட்டிப் பாத்துட்டு, "என்ன தங்கையா, எமிமா தூங்கிட்டாளா? முன்சீட்டுல தூங்கப்படாதுன்னு சொல்லுவியளே"ன்னு கேட்டாங்க. "ஆமாம்மா." "எழுப்பட்டா?" கைய நீட்டிட்டாங்க, தோளத் தொடப் போறாங்க, அதுவும் அந்த ஒடிஞ்ச பக்கத்துத் தோளு. "வேண்டாம்மா! தூங்கட்டும்." கொஞ்சம் சத்தமாவே சொல்லிட்டேன் போல, அவங்க கைய எடுத்துட்டாங்க. "உங்களுக்குத் தூக்கம் வந்துராதா?" "வராதும்மா." ஐயரம்மா என்னயும் பாத்து, அவளையும் பாத்து, சாஞ்சுக்கிட்டாங்க. அவங்களுக்கும் தெரியும், ஊருக்கே தெரியும், பஸ்சுக்குப் பின்னால காலி வேன் ஓட்டுனவன ஊரு மறக்குமா? கேட்டு தெறந்துச்சு. மெதுவா எடுத்தேன். ஆண்டவர எழுப்புனாங்களே, அவங்களக் குத்தம் சொல்ல முடியுமா? படகுல தண்ணி ஏறுது, மனுசன் என்ன செய்வான். அவரும் எழுப்புன ஒடனே எந்திரிச்சுட்டாரே, ஏன் எழுப்புனன்னு கேக்கலியே. விசுவாசம் ஏன் இல்லாமப் போச்சுன்னுதான கேட்டாரு. எம்மேல ஏன் இல்லன்னு கேட்டாரா, உங்க மேல நான் வச்சத நீங்க ஏன் வைக்கலன்னு கேட்டாரா? ரெண்டாவதச் சொன்னா ஐயரு என்னப் புடிச்சுத் திருத்துவாரு. திருத்தட்டும். ஐயருக்குப் புயலு தெரியும், தூங்குற பாசஞ்சரத் தெரியாது. அந்தா, மூணடைப்பு போர்டு. எங்காலு தானா ஆக்சிலேட்டர விட்டு எறங்குது. ரெண்டு வருசமா இந்த வழியாப் போகும்போதெல்லாம் இப்படித்தாம், ஒருத்தர்ட்டயும் சொன்னதில்ல. பிரேக்க மிதிச்சது இவ மட்டுமா? நானும் என் மனசுக்குள்ள அந்த எடத்துல மிதிச்சுக்கிட்டேதாம் இருந்திருக்கேன். இப்பக் காத்தும் விட்டு விட்டு அடிக்கு, நாலு துளி மழையும் கண்ணாடியில விழுது, வைப்பரப் போட்டா கிரீச்சுன்னு சத்தம் கேக்கும், போடல. ஓடை வந்துட்டு. ஓடைக்கு ஓரத்துல இப்பத் தடுப்பு வச்சிருக்காங்க, அந்தப் பக்கம் ஆடு மேயுது. எமிமா ஒருதரம் மூச்ச இழுத்து விட்டா. அவ்வளவுதாம், ஓடை போயிட்டு. நான் நெனச்ச மாதிரி பெருசா ஒண்ணும் நடக்கல. ஆடு மேஞ்சுது, நாங்க போயிட்டோம். ஆண்டவரே, நீரு தூங்கும், நான் ஓட்டுதேன். அசதியா இருந்தாலும் சரி, மாத்திரையா இருந்தாலும் சரி, எனக்கு இது போதும்.

கொஞ்ச தூரம் போயி ஒரு மாட்டு வண்டிக்கு ஒதுங்கையில எமிமாவுக்கு முழிப்பு வந்துட்டு. ஒடனே கை அந்தக் கம்பியத் தேடிப் போகுது. வெளிய பாத்தா, என்னப் பாத்தா. "மூணடைப்பு வந்துட்டா?" "அப்பவே போயிட்டு." அவ திரும்பிப் பின்னால கண்ணாடி வழியாப் பாத்தா, அங்க என்ன தெரியும், ரோடும் மழையுந்தாம். "நான் தூங்கிட்டேனா?" "கொறட்டையே விட்ட." "சும்மா சொல்லாதிய." "ஐயரம்மாட்டக் கேளு." "ஏன் எழுப்பல?" "எழுப்பி என்னட்டி செய்ய, நீ வந்து ஓட்டவா?" சிரிப்பான்னு நெனச்சேன், சிரிக்கல, என்னையே பாத்துக்கிட்டு இருந்தா. சரி, போச்சு, இனி வீடு வர ரெண்டு பேரும் சேந்து பிரேக்கு மிதிக்க வேண்டியதுதாம், பரவாயில்ல, ஒரு ஓடையத் தாண்டுற வரைக்காவது தூங்குனால்லான்னு நான் ரோட்டப் பாத்தேன். மழை கூடிக்கிட்டு வருது, வைப்பரப் போட்டேன், காத்து ஒரு தள்ளுத் தள்ளுச்சு, வண்டி ஒரு ஆட்டம் ஆடி நேரே ஆச்சு. பிரேக்க மிதிப்பான்னு பாக்கேன். அவ பின்னால திரும்பி, "ஐயரம்மா, அந்தப் பையில காஞ்ச துண்டு ஒண்ணு இருக்கும், எடுத்துத் தாங்களேன்"ன்னு கேட்டா. வாங்கி மடியில வச்சு ரெண்டா மடிச்சா, நாலா மடிச்சா, ஜன்னல் கண்ணாடிக்கும் சீட்டுக்கும் நடுவுல வச்சு, சரியில்லன்னு எடுத்து, தட்டி, மறுபடி வச்சா. நான் என்னட்டி செய்யுதன்னு கேக்கப் போனேன், அதுக்குள்ள அது மேல தலைய வச்சுட்டா. அப்பத்தாம் எனக்கு அந்தக் கதையில அவருக்கு ஒரு தலையணை இருந்தது ஞாபகம் வந்துச்சு. ஆமா, இருக்கு, தலைக்கு அணை வச்சுத் தூங்குனாருன்னுதாம் போட்டிருக்கு, எத்தனையோ தடவ வாசிக்கக் கேட்டவன், காதுல விழவே இல்ல. அசதியில விழுறவன் விழுந்த எடத்துல கெடப்பான். தலையணை தேடுறவன் தூங்கணும்னு தீர்மானம் பண்ணிட்டுத் தூங்குறவன். "வீடு வந்ததும் எழுப்புங்க"ன்னு எமிமா கண்ண மூடிக்கிட்டே சொன்னா. மழைக்குள்ள, காத்துக்குள்ள, என் வண்டியில, முன்சீட்டுல, தெரிஞ்சே தூங்கிட்டா.